சீமைத் தண்ணீர்விட்டான்

கேளம்பாக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்து நிற்கிறதே, அந்தக் குளிர்பதனக் கிடங்கு என்னுடையது. கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடலோரமாக நிற்கும் ஓட்டல்களில் பாதிக்கு மேல் காய்கறி என் வண்டியில்தான் போய் இறங்குகிறது. நான் பிறந்த ஓலைக் குடிசை இருந்த அதே மணலில் இன்றைக்கு மாடி வீடு நிற்கிறது. அதற்குச் செங்கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது என்னால். கோயிலுக்கு முன்னால் போட்டிருக்கும் மண்டபம் என் செலவு. இத்தனைக்கும் நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கோயம்பேட்டில் மூட்டை தூக்கியபோது "இவன் எங்க உருப்படப் போறான்" என்று சொன்னவர்களின் பிள்ளைகள் இன்று என் கிடங்கில் வேலை செய்கிறார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட ஊரில் என்னைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.

இதை என் மகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நான் சொல்வதைச் சொன்னபடியே போட வேண்டும், நாகரிகம் பார்த்து எதையும் வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் கதையின் உயிரே அந்த நாகரிகமில்லாத இடத்தில்தான் இருக்கிறது.

என் கிடங்குக்கு வராத காய் இல்லை. புரோக்கோலி, சுக்கினி, செலரி எல்லாம் எனக்குக் கத்தரிக்காய் மாதிரி. ஒரே ஒரு பெட்டியைத் திறக்கும்போதுதான் இன்றைக்கும் நான் ஒரு அடி தள்ளி நின்றுகொள்வேன். அது ஆஸ்பராகஸ் பெட்டி. பச்சைப் பசேலென்று, விரல் கனத்தில், நுனியில் மொட்டு வைத்த குச்சிகள். பார்க்கச் சாதுவாக இருக்கும். அது எங்கள் வீட்டில் செய்த வேலையை நான் மட்டும்தான் முழுதாக அறிவேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத்தோப்புக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா சவுக்குத்தோப்புக்குக் காவல். நிலம் என்று எங்களுக்கு இருந்தது பாய் விரிக்கும் அளவுதான். அம்மா புதர்க்காட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கு தோண்டுவாள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒரு முட்கொடி. இலை என்று தனியாகத் தெரியாது, பச்சை மயிர் மாதிரி புசுபுசுவென்று படர்ந்திருக்கும். மண்ணுக்குக் கீழே கை கையாகக் கிழங்கு, கொத்தாகத் தொங்கும். தோண்டி, தோலைச் சீவி, நடுவில் ஓடும் நரம்பை உருவிப்போட்டு வெயிலில் காயவைத்தால் செங்கல்பட்டு நாட்டுமருந்துக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குக் கொடுப்பது. மழை பெய்து ஓய்ந்தால் அந்தக் கொடியின் அடியிலிருந்து ஒரு கொழுந்து எழும்பும். முள் இருக்காது, இலை இருக்காது, நெட்டுக்குத்தலாகக் குச்சிபோல் வந்து நுனியில் மொட்டாகக் குவிந்திருக்கும். ஆடு பார்க்காமல் விட்டுவைத்தால் நான் ஒடித்து மென்றுவிடுவேன்.

கிழங்கு தோண்டுவது எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடப் போனபோது அதுவே குறுக்கே வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு பயம் உண்டு. கல்யாணமானவன் மாமியார் வீட்டுப் பேச்சைக் கேட்டு நடந்தால், சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். ஆளை மடக்கிப் போடும் மருந்து. அது வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளுமாம்; அதை வெளியே எடுப்பதற்கென்றே ஊர் ஊராக ஆள்கள் இருந்தார்கள். வேர், கிழங்கு என்று திரிகிறவள் வீட்டில் பெண் எடுத்தால் மருந்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் பார்த்த இடத்தார் "வேரு நோண்டறவ வூடு" என்று சொல்லியே திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவதாக வந்த இடம்தான் அச்சரப்பாக்கம். மாப்பிள்ளை டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பெண் பார்த்துவிட்டுப் போய், பூ வைக்க நாள் குறித்துச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்று முழுக்க ஒருவருடனும் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயந்தவள்போல் இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பதினொரு வயது இருக்கும்.

பூ வைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் தாய்மாமன் சைக்கிளில் வந்தார். அம்மாவின் தம்பி. கடற்கரையோரத்தில் இருந்த ஒரு பெரிய ஓட்டலின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், அந்த வருஷம்தான் காய் நறுக்கும் வேலைக்கு உயர்ந்திருந்தார். அந்தப் பெருமையில் வெள்ளைத் தொப்பியை வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வருவார். சைக்கிள் கேரியரில் ஓர் அட்டைப்பெட்டி. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஒரு கூட்டம் வராமல் போய்விட்டதாம். அவர்களுக்காக வரவழைத்த காய் அழுகிப்போவதற்குள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போங்கள் என்று பெரிய சமையற்காரர் சொல்லிவிட்டாராம். மாமா பெட்டியைத் திறந்தார். ஈரத் துணிக்குள் பச்சைக் குச்சிகள், கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடா இது, கோரப்புல்லா?"

"புல்லா? வெள்ளக்காரன் இத வெண்ணெயில பொரட்டி, ஒத்த ஒத்தயா கத்தியால அறுத்துத் துன்றான்க்கா. ஆஸ்பராகஸ்."

"துன்னுட்டு?"

"துன்னுட்டு இன்னா, பீச்சுல போயி மல்லாந்துக்குவான்."

நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மாமா, இது நம்ம தண்ணீவுட்டான் கொழுந்து! கொஞ்சம் குண்டா கீது, அவ்ளோதான்."

தலையில் ஒரு தட்டு விழுந்தது. "ஏரோப்ளேன்ல வந்தத போயி ஆடு மேயிற கொடியோட சேக்கறான் பாரு. போடா அப்பால."

பிற்காலத்தில் படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: இரண்டும் ஒரே குடும்பம்தான், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. ஒரு காலேஜ் வாத்தியார் எனக்கு அதைப் புத்தகத்தில் காட்டினார். நான் அதைப் பதினொரு வயதில் கையில் பிடித்தவுடனே சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாம்பாரில் இதைத்தான் போட வேண்டும் என்று மாமா ஒரே பிடியாக நின்றார். அக்கா மட்டும் மெல்லக் கேட்டாள். "பெரியவங்க வர்ற நாள்ல தெரியாத காய எதுக்கு மாமா?"

"தெரியாததாலதான். அச்சரப்பாக்கத்துல ஒருத்தன் இத கண்ணால கண்டுருப்பானா? நம்மள வேரு நோண்டறவங்கன்னு நெனச்சிக்கினு வர்றானுங்க. துன்னுட்டு வாயப் பொளக்கட்டும்."

பெட்டி அடுப்படிக்குப் போனது. நான் அதிலிருந்து ஒரு கைப்பிடிக் குச்சியை உருவிக்கொண்டு போய், குளிக்கும் கல்லுக்குப் பக்கத்து ஈரமண்ணில் வரிசையாக நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இந்தக் கடற்கரையில் ஆஸ்பராகஸ் நட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அது முளைக்காது என்பது வேறு விஷயம்.

மறுநாள் வேன் வந்தது. தட்டுத் தட்டாகப் பழம், பூ, புடவை. முன்னால் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் பேச மாட்டார்கள், பேசவும் முடியாது. மாப்பிள்ளை கடைசியாக இறங்கி, வேனின் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார். நகக்கண்ணில் க்ரீஸ் கறுப்பு. அவர் அம்மா அக்காவின் தலையில் பூ வைத்தார். குலவைச் சத்தம் தோப்புவரை கேட்டது.

பூ வைக்கும்வரை பெண் வீட்டில் அவர்கள் கை நனைக்க மாட்டார்கள். பூ வைத்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் முடிந்தது, உறவு உறவுதான். ஆகவே அந்தச் சாப்பாடு எங்களுக்கு வெறும் சாப்பாடு இல்லை. விருந்தாளிகள் எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிட வேண்டும் என்பதால் நாங்கள் அத்தனை பேரும் பட்டினியோடு பரிமாறினோம்.

பெரியப்பா சாம்பாரில் கிடந்த குச்சியை முருங்கைக்காய் என்று நினைத்துப் பல்லில் வைத்து இழுத்தார். உள்ளே போய்விட்டது. வாயைத் துழாவினார். "சக்க எங்க?"

"சக்க கெடையாதுங்க, அப்படியே முழுங்கிடணும்" என்றார் மாமா, தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "வெளிநாட்டுக் காய்."

"சக்க இல்லாத காயா? பல்லு போனவனுக்கு நல்லது." எல்லோரும் சிரித்தார்கள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அதைப் பார்த்து எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். சாம்பார் குண்டான் அடிவரை காலி. அம்மாவின் முகத்தில் நான் அன்றுதான் முதல்முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அது வெற்றிலை போடும் நேரம் வரைகூட இருக்கவில்லை.

வேப்பமரத்து நிழலில் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வேலிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். முதலில் போனவர் பெரியப்பா. திரும்பி வந்தவர் உட்காரவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அடுத்து ஒருவர் போனார். வந்து பெரியப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அடுத்தவர் போனார். பிறகு தோப்புப் பக்கம் போயிருந்த பெண்கள் திரும்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பெரியப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "ஏம்மா. சாம்பார்ல இன்னா போட்ட?"

"பருப்பு, புளி... அந்தக் காய்தாங்க."

"காயா, வேரா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"மூத்திரம் நாறுதும்மா!" என்று கத்தினார். "அறுவது வருசமா பேஞ்சிகினு கீறேன், இப்படி ஒரு நாத்தம் கண்டதில்ல. எனக்கு வந்துகீது, என் தம்பிக்கு வந்துகீது, அவன் பொண்டாட்டிக்கு வந்துகீது. ஒரே நாத்தம், ஒரே நேரத்துல. மருந்து வச்சிட்டியா?"

எனக்கு இன்றைக்கும் அந்த நிமிஷம் காதில் இருக்கிறது.  அம்மா கையிலிருந்த வெற்றிலைத் தட்டு சாய்ந்து பாக்கு உருண்டது. பெரியப்பா இதில் அனுபவசாலி; இரண்டு முறை ஆள் வைத்து வயிற்றிலிருந்து மருந்தை எடுத்தவராம். அடையாளம் முதலில் மூத்திரத்தில்தான் தெரியும் என்று அடித்துச் சொன்னார்.

வந்தவர்களில் ஒருவர், "எனக்கு ஒண்ணும் தெரியலியே அண்ணாத்த" என்றார்.

"உனக்கு எதுக்கு வைக்கப் போறா? நீ யாரு? சோத்துக்கு வந்தவன். முக்கியமானவனாப் பாத்து வச்சிருக்கா."  பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். உங்க வூட்டுல ஒருத்தராச்சும் அந்த சாம்பார துன்னீங்களா?"

எப்படிச் சொல்வது? விருந்தாளிக்குப் பின்னால்தான் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மரியாதையே எங்கள் கழுத்தைப் பிடித்தது. அப்பா, "நாங்க இன்னும் சாப்புடலீங்க" என்றார். அவர் வாயால் அவரே கொடுத்த சாட்சி.

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார். "ஓட்டல்ல குடுத்த காய்ங்க. வெள்ளக்காரங்க துன்றது. சத்தியமா."

"அவங்களும் இப்படித்தான் நாறிக்கினு திரியிறானுங்களா?"

"அது... எனக்குத் தெரியாதுங்க. நான் துன்னதில்ல."

"எங்க, ஒண்ணு காட்டு. காயக் காட்டு, நம்பறேன்."

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அத்தனையும் குண்டானுக்குள் போய் அவர்கள் வயிற்றுக்குள் போயிருந்தது. அட்டைப்பெட்டி அடுப்பில் எரிந்திருந்தது. 

நான் உதவி செய்ய நினைத்தேன். கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, எனக்குத் தெரிந்த உண்மையைச் சத்தமாகச் சொன்னேன். "அது மருந்து இல்ல! எங்கம்மா நோண்டற தண்ணீவுட்டான் மாதிரியே ஒரு காய். அதோட சொந்தம்!"

 மாமா என் முதுகில் ஓர் அறை வைத்தார்.

"கேட்டீங்களா?" என்றார் பெரியப்பா, ஏதோ பெரிய இழவு விழுந்த குரலில். "பையனே சொல்லிட்டான். அவ நோண்டற வேருதான். ஏறுங்க எல்லாரும் வேன்ல. பூவக் கழட்டிக்கினு வாம்மா."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மாப்பிள்ளையின் அம்மா வாசலை நோக்கி நடந்தார். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள், புதுப் புடவையில். வைத்த பூவை எடுத்துவிட்டால் அவ்வளவுதான். பிறகு எந்த ஊரிலிருந்தும் எங்கள் வாசலுக்கு வேன் வராது. அம்மாவும் மருந்துக்காரி என்ற பேரோடு மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டியதுதான். அக்கா அழவில்லை. வலது கையைத் தூக்கித் தலையிலிருந்த பூவின்மேல் வைத்துக்கொண்டாள். அவளே எடுத்துக் கொடுக்கப் போகிறாளா, எடுக்க விடாமல் பிடித்துக்கொள்கிறாளா என்று தெரியாத மாதிரி.

அப்போதுதான் எனக்கு என் தோட்டம் ஞாபகம் வந்தது.

குளிக்கும் கல்லுக்கு ஓடினேன். நட்டது நட்டபடி நின்றது, கொஞ்சம் துவண்டு. ஒரே பிடியில் பிடுங்கிக்கொண்டு வந்து பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதோ கீது காய்!"

அவர் ஒரு அடி பின்னால் போனார். குச்சிகளின் அடியில் ஈரமண் ஒட்டிக்கொண்டிருந்தது. "பாரு, இப்பதான் மண்ணுலர்ந்து புடுங்கிக்கினு வரான். இது வேரு இல்லாம இன்னா?"

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கத்தினேன். "அப்போ நான் துன்றேன். எனக்கும் நாறுனா அது காய்தானே? எங்கம்மா என்ன மடக்கி இன்னா பண்ணப் போவுது?"

பதினொரு வயதுப் பையன் கேட்ட கேள்வி இது. அங்கே இருந்த பெரிய தலைகளில் ஒன்றுக்கும் இது தோன்றவில்லை. அதுவரை கல்லாக நின்ற அம்மா அசைந்தாள். என் கையிலிருந்த குச்சிகளை வாங்கினாள். குடத்துத் தண்ணீரில் மண் போகக் கழுவினாள். முதல் குச்சியை அவள் கையாலேயே ஒடித்து என் வாயில் வைத்தாள். "துன்னு நைனா" என்றாள். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்குப் போன வழியில் அப்படியே நின்றுவிட்டார். பெற்றவள் மருந்தை மகனுக்கு ஊட்ட மாட்டாள் என்பது பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பெரியப்பா சட்டம் பேசுகிறவர். முதலில் என்னை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பி, இரண்டு ஆள் காவலில் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே விடச் சொன்னார். நாற்றம் இல்லை என்று காவலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பச்சைக் குச்சி அத்தனையையும் கூட்டம் பார்க்க மென்று தின்றேன். நார் நாராக, பச்சைப்பட்டாணித் தோல் மாதிரி இருந்தது. மேலே தண்ணீர் குடிக்க வைத்தார்கள். குடித்தேன், குடித்தேன், வயிறு மத்தளமாகும் வரை குடித்தேன். டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தார்.

வரவில்லை. அத்தனை கண்கள் என் டவுசரையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? மாமா பக்கத்தில் குந்தி, கைப்பிள்ளைக்குச் செய்வதுபோல் "ஸ்ஸ்ஸ்" என்று ஊதினார். "ஊது ஊது, பாம்பு வரப்போவுது" என்று யாரோ சொல்ல, அந்த இக்கட்டிலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். வெயில் சாய்ந்து வேப்பமர நிழல் நீண்டபோது வந்தது. அம்மா கொட்டாங்கச்சியை நீட்டினாள்.

நாற்றம் முதலில் என் மூக்கில்தான் ஏறியது. ஐயோ! வெந்த முட்டைக்கோஸை இரண்டு நாள் மூடிவைத்துத் திறந்த மாதிரி. என் உடம்பிலிருந்தா இது வருகிறது என்று எனக்கே நம்ப முடியவில்லை. இருந்தாலும், "வந்துச்சு! நாறுது! நாறுது!" என்று கூவிக்கொண்டு கொட்டாங்கச்சியோடு ஓடிவந்தேன். பரீட்சையில் ஜெயித்தவன்கூட அப்படி ஓடியிருக்க மாட்டான்.

நான் கிட்டே போகப் போகக் கூட்டம் விலகியது. பெரியப்பாவிடம் நீட்டினேன். துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். "சீ, அப்பால போடா! ஊருக்குப் பெரிய மனுசன், வேரு நோண்டறவ புள்ள மூத்திரத்த மோந்து பாக்கறதா?" பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினேன். அவரும் பின்வாங்கினார். என்னை இத்தனையும் செய்யச் சொன்னவர்கள், கடைசியில் ஒரு மூச்சு இழுக்க ஆளில்லாமல் நின்றார்கள். கொட்டாங்கச்சியைப் பிடித்தபடி நான் வட்டமாகச் சுற்றினேன். பெரியப்பா மறுபடியும் வேனைப் பார்த்தார்.

அப்போது மாப்பிள்ளை வந்தார். அதுவரை வேன் கதவோரம் வாய் திறக்காமல் நின்றவர். நேராக என்னிடம் வந்து, மோர் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் கொட்டாங்கச்சியை வாங்கினார். குனிந்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். முகம் சுளிக்கவில்லை.

"அதே நாத்தம்தான் பெரிப்பா" என்றார். "எனக்கு வந்ததும் இதான். காய்தான் இது. மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல."

அவர் அம்மா விரைந்து வந்து, மகன் கையிலேயே வைத்து மோந்து பார்த்தார். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஆமாங்க. இதேதான். அய்ய, இதேதான்" என்றார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பெரியப்பாவும் துண்டை விலக்கி, ஒரு தரம் மோந்து, செருமிக்கொண்டு, "நான் அப்பவே நெனச்சேன், இது காயோட வாசனைன்னு" என்றார். 

கூட்டம் கலகலவென்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் கொட்டாங்கச்சியைக் கீழே வைக்காமல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தலையிலிருந்து கையை எடுத்திருந்தாள், பூ இருந்தது. அவர் கை கழுவத் தண்ணீர் தேடுகிறார் என்று நினைத்து நான் சொம்பில் மொண்டுகொண்டு ஓடினேன். அவர் ஒரு கையில் கொட்டாங்கச்சியும் மறு கையில் சொம்புமாக, கை கழுவாமல், அந்தத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. மெக்கானிக் என்றால் இப்படித்தான் சுத்தம் பார்க்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது.

பத்து வருஷம் போல ஓடியிருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் மூட்டை தூக்குவதை விட்டுச் சொந்தமாக ஓட்டல்களுக்குக் காய் போட ஆரம்பித்த சமயம். முதல்முதலாக என் பேரில் ஒரு ஆஸ்பராகஸ் பெட்டி வந்து இறங்கியது. அதில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு அச்சரப்பாக்கத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பொரியல் செய்தாள். சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து நான் கொல்லைப்பக்கம் போய்விட்டு, சிரித்துக்கொண்டே வந்து மச்சானைக் கேட்டேன்.

"இன்னா மச்சான், வந்துச்சா?"

"எது?"

"அதான், அன்னிக்கி கொட்டாங்கச்சி. அந்த நாத்தம்."

மச்சான் பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அது எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லடா."

"இன்னாது?"

"மூக்கு எனக்கு சின்ன வயசுலியே டீசல்ல போச்சு. கருவாடு தீஞ்சாகூட உங்க அக்கா சொன்னாத்தான் தெரியும். அன்னிக்கி நான் வேலிப்பக்கம் போய்ட்டு வந்தப்பவும் ஒண்ணும் தெரியல. உன் கொட்டாங்கச்சியிலயும் ஒண்ணும் தெரியல."

 இடி விழுந்ததுபோல் என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. இத்தனை வருஷமாக என் வீரத்தின் முதல் சாட்சி என்று நான் நம்பியிருந்த மனிதர்!

"அப்போ எப்படி மச்சான் அதேதான்னு சொன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? அவ பூ மேல கைய வச்சிக்கினு நிக்கறா."

அக்கா உள்ளேயிருந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "கல்யாணமான மூணா நாளே எனக்குத் தெரியும். பால் திரிஞ்சது தெரியாம குடிச்சிட்டு நல்லா கீதுன்னாரு."

அன்று அவர் வாசலில் தேடியது தண்ணீரை இல்லை. இது அந்தப் பதினொரு வயதுக்குத் தெரியவில்லை. சொம்பை நீட்டினேன், நீட்டியதைக் குடித்துவைத்தார். விஷத்தை நீட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் குடித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஊரையே கூட்டி நான் மூத்திரத்தில் நிரூபித்துக்கொண்டிருந்த காரியத்தை, அவர் வேன் கதவோரத்திலேயே முடிவு செய்துவிட்டிருந்தார்.

சரி. மச்சானின் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அவர் சொன்னது பொய். அவருக்குப் பின்னால் அவர் அம்மா வந்து மோந்தாரே, அப்போது கொட்டாங்கச்சியில் நாற்றம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பொய் ஒரு மூச்சுகூடத் தாங்கியிருக்காது. பொய் அவருடையது, நாற்றம் என்னுடையது. இரண்டும் சேர்ந்துதான் அக்காவின் தலையில் பூ நின்றது.

அக்காவின் பிள்ளைகள் இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்கிறார்கள். "எங்க அம்மாவுக்காக எங்க அப்பா மூத்திரத்த மோந்து பாத்தாரு" என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். யாருடைய மூத்திரம் என்று ஒரு வார்த்தை வருவதில்லை. ஏதோ தானாக வந்து கொட்டாங்கச்சியில் நிரம்பியதுபோல. அது என்னுடையது. பச்சைக் குச்சியை மென்று, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஊர் பார்க்க நின்று கொடுத்தேன். இனி யார் சொன்னாலும் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என் பேரைப் போட்டு.